ஒன்பது ஓட்டு

"ஆளுங்கட்சியில் இல்லாத ஆளை அனுப்பி என்ன பிரயோசனம் பாய்? ஒரு ரோடு போட முடியுமா? ஒரு லைசென்சுக்குச் சிபாரிசு செய்ய முடியுமா? எழுந்து நின்று கத்திவிட்டு வருவார், அவ்வளவுதானே!" கடைத்தெருவில் இந்தப் பேச்சைக் கேட்காத நாளில்லை. சொல்பவர் பெரும்பாலும் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் வியாபாரி. பக்கத்தில் நிற்கும் அவருடைய மகன் இன்னும் ஒரு படி மேலே போகிறான். "கத்தினாலும் ஒன்றுதான், கத்தாவிட்டாலும் ஒன்றுதான் வாப்பா. மேலே முடிவு செய்துவிட்டுத்தான் கீழே ஓட்டெடுப்பே நடத்துகிறார்கள்."

இருவருக்கும் பதில் சொல்ல ஆசை. ஆனால் நம் ஊர் உதாரணம் ஒன்றை எடுத்தால், அவர் எந்தக் கட்சி, யாரோடு கூட்டணி என்று உடனே கேட்பீர்கள். பேச்சு வேறு பாதையில் போய்விடும். எனவே நமக்குக் கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லாத, வெகு தூரத்து மனிதர் ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். பிரான்ஸ் நாட்டுப் பாராளுமன்ற உறுப்பினர். பெயர் ஷார்ல் த கூர்சோன். 1952-இல் பிறந்தவர். 1993-இல் முதன்முதலாகத் தேசிய சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதன்பின் 1997, 2002, 2007, 2012, 2017, 2022, 2024 என்று வந்த ஒவ்வொரு பொதுத் தேர்தலிலும் அதே மார்ன் மாவட்டத்திலிருந்து வென்றார். இத்தனை ஆண்டுகளில் ஒருநாள்கூட மந்திரி நாற்காலியில் உட்கார்ந்ததில்லை.

வலதுசாரியும் அல்லாத, இடதுசாரியும் அல்லாத நடுவழிக் கட்சிகள் என்று பிரான்சில் ஒரு வரிசை உண்டு. கூர்சோன் அந்த வரிசைக்காரர். நடுவழிக்காரர் என்றதும் நம்மில் பலருக்கு ஒரு சிரிப்பு வரும். காற்றடிக்கும் பக்கம் சாய்கிற ஆள், இரண்டு வீட்டிலும் விருந்து சாப்பிடுகிற ஆள் என்று. பிரான்சிலும் அப்படிப்பட்டவர்கள் நிறைய உண்டு. இவர் எப்படிப்பட்டவர் என்பதை இவர் போட்ட ஓட்டுகளை வைத்தே பாருங்கள்.

கணக்குப்பிள்ளை

பழைய மண்டிகளில் ஒரு கணக்குப்பிள்ளை இருப்பார். முதலாளியின் மைத்துனரே வந்து கல்லாவில் கை வைத்தாலும், "எந்தக் கணக்கில் எழுதட்டும்?" என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்காகவே மைத்துனர் அவரை வெறுப்பார். முதலாளி மட்டும் அவரை வேலையை விட்டு அனுப்பமாட்டார். கூர்சோன் அந்த ரகம். அரசியலுக்கு வருமுன் அவர் பார்த்த வேலையே அரசாங்கக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் நீதிமன்றத்தில்தான். பிரான்சில் அரசாங்கத்தின் வரவு செலவைச் சரிபார்ப்பதற்கென்றே ஒரு நீதிமன்றம் உண்டு. அங்கிருந்து வந்தவர் என்பதால் பட்ஜெட் புத்தகத்தை அவர் படிக்கிற விதமே தனி. நம் வியாபாரிகள் பார்ட்டியின் பில்லைப் புரட்டுவது போல, கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குவார் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

பிரான்ஸ் அரசு வரவுக்குள் செலவை முடித்த கடைசி ஆண்டு 1974. அதற்குப் பிறகு ஓர் ஆண்டுகூட இல்லை! வலதுசாரி ஆண்டாலும் கடன், இடதுசாரி ஆண்டாலும் கடன். இன்று அந்தக் கடன் 3 லட்சம் கோடி யூரோவைத் தாண்டி நிற்கிறது. இந்த வண்டி இப்படியே ஓடாது என்று ஒவ்வொரு பட்ஜெட் விவாதத்திலும் எழுந்து சொல்வது கூர்சோனின் வழக்கம். யார் ஆட்சி என்று பார்ப்பதில்லை.

வெறும் பேச்சோடு நின்றவராக இருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்கமாட்டேன். ஒரு விவகாரத்தைச் சொல்கிறேன், வியாபாரிகளுக்கு நன்றாகப் புரியும்.

பெர்னார் தப்பீ என்று ஒரு பெரும் புள்ளி. தொழிலதிபர், அரசியல்வாதி, கால்பந்துக் குழுவின் சொந்தக்காரர், கொஞ்ச காலம் மந்திரி. அடிடாஸ் கம்பெனியை வாங்கி, 1993-இல் அரசாங்க வங்கி ஒன்றின் மூலமாக விற்றார். விற்ற வங்கி தன்னை ஏமாற்றிவிட்டது என்று வழக்குப் போட்டார். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 2007-இல் சார்க்கோசி ஜனாதிபதியானார். உடனே ஒரு புது யோசனை பிறந்தது. நீதிமன்றம் எதற்கு? மூன்று நடுவர்களை வைத்துப் பஞ்சாயத்துப் பேசி முடித்துக்கொள்வோம்! 2008 ஜூலையில் நடுவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். அரசாங்கத் தரப்பு தப்பீக்குக் கொடுக்க வேண்டியது வட்டியோடு சேர்த்து 40 கோடியே 30 லட்சம் யூரோ. அதில் மனவேதனைக்கு மட்டும் 4 கோடியே 50 லட்சம்!

அந்தப் பழைய வங்கியின் கடன் பாக்கிகளை மேற்பார்வை செய்ய ஒரு பொது நிறுவனம் இருந்தது. அதன் நிர்வாகக் குழுவில் பாராளுமன்றத்தின் சார்பில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் கூர்சோன். ஆரம்பத்திலிருந்தே அவர் எதிர்த்தார். மக்கள் பணம் சம்பந்தப்பட்ட வழக்கை மூடிய அறையில் தனியார் பஞ்சாயத்துக்குக் கொண்டுபோக உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று கேட்டார். அந்தச் சமயத்தில் கூர்சோன் இருந்த கட்சி சார்க்கோசி அரசின் கூட்டணிக் கட்சி. இதைக் கவனியுங்கள் சகோதரர்களே! எதிர்க்கட்சியில் இருந்துகொண்டு ஆளுங்கட்சியின் கணக்கைக் கேட்பவர்கள் எந்த நாட்டிலும் உண்டு. அவர்களுக்கு அது பிழைப்பு. தன் கூட்டணி ஆளும்போது கணக்குக் கேட்பவனைப் பார்ப்பது அரிது.

அப்போது அவர் பேச்சு எடுபடவில்லை. பணம் போய்ச் சேர்ந்தது. "கத்திவிட்டு வந்தார்" என்றுதான் அன்றைக்கு நம் கடைத்தெரு சொல்லியிருக்கும். 2015 பிப்ரவரியில் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பஞ்சாயத்துத் தீர்ப்பை ரத்து செய்தது. அதே ஆண்டு டிசம்பரில், வாங்கிய தொகையைத் திருப்பிக் கொடு என்று தப்பீக்கு உத்தரவிட்டது. பஞ்சாயத்துக்குச் சம்மதித்த அன்றைய நிதி மந்திரி கிறிஸ்டீன் லகார்ட் அம்மையாரை, 2016 டிசம்பரில் மந்திரிகளை விசாரிக்கும் தனி நீதிமன்றம் கவனக்குறைவுக் குற்றவாளி என்று கூறியது. தண்டனை எதுவும் கொடுக்கவில்லை. (அம்மையார் பிறகு ஐரோப்பிய மத்திய வங்கியின் தலைவராகவே ஆனார். பெரிய இடத்துக் கவனக்குறைவு என்றால் அப்படித்தான்.)

அடுத்து வந்தது இடதுசாரி ஆட்சி. பட்ஜெட் மந்திரி ழெரோம் கயுசாக். வரி ஏய்ப்பவர்களைப் பிடிப்பதுதான் அவருடைய துறை. அவரே வெளிநாட்டு வங்கியில் ரகசியக் கணக்கு வைத்திருக்கிறார் என்று 2012 டிசம்பரில் செய்தி வெளியானது. சபையில் எழுந்து நின்று, உறுப்பினர்களின் கண் பார்த்து மறுத்தார். 2013 ஏப்ரலில் ஒப்புக்கொண்டார். இதை விசாரிக்கப் பாராளுமன்றம் அமைத்த குழுவுக்குத் தலைவர் கூர்சோன். அறிக்கை எழுதியவர் ஆளுங்கட்சி உறுப்பினர். அரசாங்கத்தின் பக்கம் தவறில்லை என்ற பாணியில் அவர் முடித்தார். குழுத் தலைவரான கூர்சோன் அந்த முடிவில் எனக்கு உடன்பாடில்லை என்று பகிரங்கமாகவே சொன்னார்.

சக உறுப்பினர்களையும் அவர் சும்மா விடவில்லை. பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு மாதாமாதம் ரசீது காட்டாமல் செலவழிக்க ஒரு படி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு வருமான வரியும் கிடையாது. கடைக்காரன் ஒரு டீச் செலவுக்கும் பில் காட்ட வேண்டும், சட்டம் போடுகிறவனுக்கு மட்டும் சலுகையா? 2012-இல் இந்தப் படிக்கு வரி போட வேண்டும் என்று கூர்சோன் திருத்தம் கொண்டுவந்தார். சபை தோற்கடித்தது. தோற்கடிக்காமல் என்ன செய்யும்! 2017-இல்தான் அந்த முறையை எடுத்துவிட்டு, செலவுக்குக் கணக்குக் காட்டும் முறை வந்தது.

தாத்தாவின் ஓட்டு

இளைஞர்களுக்கு இனிமேல் சொல்வதுதான் முக்கியம்.

1940 ஜூன் மாதம். ஹிட்லரின் படை பாரிசுக்குள் நுழைந்துவிட்டது. பிரான்ஸ் அரசாங்கம் ஓடிப்போய் விஷி என்ற ஊரில் தங்கியது. ஜூலை 10-ஆம் தேதி அங்கிருந்த சூதாட்ட மாளிகையில் இரு சபைகளும் கூடின. அரசியல் சாசனத்தைத் திருத்தும் முழு அதிகாரத்தையும் மார்ஷல் பெத்தேன் என்ற 84 வயதுக் கிழவரிடம் ஒப்படைப்பதா, வேண்டாமா என்று ஓட்டெடுப்பு. வெளியே ஜெர்மன் படை. உள்ளே பயம். ஒப்படைக்கலாம் என்று 569 பேர் ஓட்டுப் போட்டார்கள். கூடாது என்றவர்கள் எண்பதே எண்பது பேர்.

அந்த எண்பது பேரில் பெரும்பாலோர் இடதுசாரிகள். வலதுசாரி வரிசையிலிருந்து எழுந்து மறுத்த மிகச் சிலரில் ஒருவர் லெயோனெல் த முஸ்தியே. நிலச்சுவான்தார், பிரபு வம்சம். பெத்தேனின் பக்கம் போயிருந்தால் சொத்தும் சுகமும் அப்படியே இருந்திருக்கும். அவர் மறுத்தார். பின்னர் எதிர்ப்பு இயக்கத்தில் சேர்ந்தார். 1943-இல் ஜெர்மானியர் பிடித்துக்கொண்டு போனார்கள். 1945-இல், போர் முடிய இரண்டு மாதம் இருக்கும்போது, ஜெர்மனியின் நொயன்கம்மே வதை முகாமில் உயிர் துறந்தார். கூர்சோன் இவருடைய மகள் வயிற்றுப் பேரன்.

தாத்தா பெருமை பேசிப் பதவி தேடும் பேரன்கள் எல்லா நாட்டிலும் உண்டு. அதனால் இந்த உறவை மட்டும் வைத்து நான் எதையும் சொல்ல வரவில்லை. 2019-இல் நடந்ததைப் பாருங்கள்.

2018 நவம்பரில் பிரான்சில் மஞ்சள் அங்கிப் போராட்டம் வெடித்தது. டீசல் விலையில் தொடங்கி வாரா வாரம் சனிக்கிழமை ஊர்வலம். சில இடங்களில் கடைகள் உடைந்தன, வண்டிகள் எரிந்தன. அரசாங்கம் ஒரு சட்டத்தைக் கையில் எடுத்தது. ஊர்வலத்தில் கலகம் செய்பவர்களை அடக்கும் சட்டம். அதில் ஒரு பிரிவு: இன்னார் பொது ஒழுங்குக்கு ஆபத்தானவர் என்று பிரிஃபெக்ட் நினைத்தால் போதும், அவர் ஊர்வலத்தில் கலந்துகொள்ளக் கூடாது என்று எழுத்து மூலம் தடை போடலாம். பிரிஃபெக்ட் என்பவர் நம் ஊர் கலெக்டர் போல மாவட்டத்தில் அரசாங்கத்தின் அதிகாரி. நீதிபதி வேண்டாம், விசாரணை வேண்டாம், குற்றம் நிரூபிக்க வேண்டாம். தடையை மீறினால் 6 மாதச் சிறை, 7,500 யூரோ அபராதம்.

கடை உடைந்தால் நஷ்டம் வியாபாரிக்கு. எனவே வியாபாரிகள் இந்தச் சட்டத்துக்குக் கை தட்டியிருப்பார்கள் என்று நினைக்கலாம். பலர் தட்டினார்கள்தான். சபையில் கூர்சோன் எழுந்தார். இது எங்கே போய் முடியும் என்று தெரிகிறதா, ஒருவனுடைய முகத்தைப் பார்த்தே நீ ஆபத்தானவன் என்று அதிகாரி முடிவு செய்வதா, இது விஷி ஆட்சிக்குத் திரும்பும் வழி என்று அவர் பொங்கினார். கலவரம் செய்பவனைப் பிடி, நீதிமன்றத்தில் நிறுத்து, தண்டனை கொடு. செய்யப் போகிறான் என்று நீயாக நினைத்து அவன் காலைக் கட்டாதே. அவர் வாதத்தின் சாரம் இதுதான். அந்தப் பேச்சு நாடெங்கும் பரவியது. விஷியில் தாத்தா போட்ட ஓட்டு அன்று பேரன் வாயில் பேசியது என்றே பலரும் எடுத்துக்கொண்டார்கள்.

சட்டம் 2019 பிப்ரவரியில் தேசிய சபையில் நிறைவேறிவிட்டது. ஆனால் ஆளுங்கட்சிக்குள்ளேயே சுமார் 50 உறுப்பினர்கள் ஆதரவாக ஓட்டுப் போடாமல் ஒதுங்கினார்கள். ஜனாதிபதி மக்ரோனே சட்டத்தை அரசியல் சாசன மன்றத்துக்கு அனுப்ப வேண்டி வந்தது. 2019 ஏப்ரல் 4-ஆம் தேதி அந்த மன்றம், விசாரணையில்லாத தடைப் பிரிவை மட்டும் செல்லாது என்று நீக்கிவிட்டது.

முஸ்லிம் வாசகனுக்கு இதில் ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. 2015 நவம்பர் 13 இரவு பாரிசில் 130 அப்பாவிகள் கொல்லப்பட்டார்கள். அந்தக் கொடுமையை நியாயப்படுத்த எவனுக்கும் வாய் இல்லை. மறுநாளே நெருக்கடி நிலை வந்தது. இரண்டு ஆண்டுகள், 2017 நவம்பர் 1 வரை, நீடித்தது. அந்தக் காலத்தில் நீதிபதியின் அனுமதி இல்லாமலே 4 ஆயிரத்துக்கும் அதிகமான வீடுகளிலும் இடங்களிலும் சோதனை நடந்தது. நூற்றுக்கணக்கானவர்கள் வீட்டுக் காவலில் வைக்கப்பட்டார்கள். பெரும்பாலும் யார் வீடு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நள்ளிரவில் கதவு உடைக்கப்பட்டது. சில உணவகங்களில் தொழுகை இடத்தையும் விடவில்லை. மிகப் பெரும்பாலான சோதனைகளில் பயங்கரவாத வழக்கு எதுவும் பிறக்கவில்லை. அப்போது பிரெஞ்சு மக்களில் பெரும்பான்மையோர், நமக்கென்ன, அது அவர்கள் விஷயம் என்று இருந்தார்கள். அதே நவம்பர் மாத முடிவில் பாரிசில் பருவநிலை மாநாடு கூடியது. அதே நெருக்கடி அதிகாரத்தை வைத்துச் சுற்றுச்சூழல் போராட்டக்காரர்களையும் வீட்டுக் காவலில் வைத்தார்கள்! பயங்கரவாதிக்கென்று வந்த ஆணை, மரம் நடச் சொன்னவன் வீட்டுக் கதவையும் தட்டியது. மூன்று ஆண்டுகள் கழித்து மஞ்சள் அங்கி போட்ட லாரி டிரைவருக்கும் செவிலியருக்கும் அதே வகை ஆணையைச் சட்டமாக்கப் பார்த்தார்கள். அப்போதுதான் பலருக்கு உறைத்தது.

கூர்சோன் கத்தோலிக்கர். பழைய ஒழுக்கக் கட்டுப்பாடுகளில் ஊறியவர். நம் சமுதாயத்தின் வழக்கறிஞர் என்று நான் அவருக்குப் பட்டம் கட்டவில்லை. நீதிபதி இல்லாத தண்டனை கூடாது என்று அவர் சொன்னபோது, மஞ்சள் அங்கிக்காரனுக்கு மட்டும் சொல்லவில்லை. யார் முகம் அதிகாரிக்குப் பிடிக்கவில்லையோ அவனுக்காகச் சொன்னார். அந்த நாட்டில் அது முதலில் யார் முகமாக இருக்கும்?

அந்தத் திங்கட்கிழமை

இப்போது தலைப்புக்கு வருகிறேன்.

2022 தேர்தலில் மக்ரோனின் அணி தனிப்பெரும்பான்மையை இழந்தது. கூர்சோன் இருந்தது லியோட் என்ற சின்னஞ்சிறு குழு. 577 உறுப்பினர் கொண்ட சபையில் சுமார் 20 பேர். ஒரு குழு என்று அங்கீகாரம் பெறவே 15 பேர் வேண்டும். அந்தக் குழுவில் யார் யார்? கோர்சிகா தீவின் உரிமை பேசுபவர்கள், கடல் கடந்த பிரெஞ்சுப் பகுதிகளிலிருந்து வந்தவர்கள், பெரிய கட்சிகளில் ஒத்துப்போகாமல் வெளியேறியவர்கள். மடகாஸ்கருக்குப் பக்கத்தில் மயோத் என்று ஒரு தீவு, மக்களில் மிகப் பெரும்பான்மையோர் முஸ்லிம்கள். அதன் பிரதிநிதி எஸ்டெல் யூசுஃபாவும் இந்தக் குழுவில்தான் உட்கார்ந்தார். ஓட்டை ஒடிசல் சாமான் கடை என்று பெரிய கட்சிக்காரர்கள் கேலி செய்யத் தோதான கூட்டம்.

2023 தொடக்கத்தில் அரசாங்கம் ஓய்வு பெறும் வயதை 62-லிருந்து 64 ஆக உயர்த்தும் சட்டத்தைக் கொண்டுவந்தது. எல்லாத் தொழிற்சங்கங்களும் ஒன்று சேர்ந்தன. லட்சக்கணக்கான மக்கள் மீண்டும் மீண்டும் தெருவில் இறங்கினார்கள். மார்ச் 16-ஆம் தேதி ஓட்டெடுப்புக்குச் சில நிமிடங்கள் முன்பு, தோற்றுவிடுவோம் என்று அரசாங்கத்துக்குத் தெரிந்துவிட்டது. பிரதமர் எலிசபெத் போர்ன் அரசியல் சாசனத்தின் 49-ஆம் பிரிவு, 3-ஆம் உட்பிரிவைப் பயன்படுத்தினார். அதன் பொருள் என்ன? ஓட்டெடுப்பே இல்லாமல் மசோதா நிறைவேறியதாகக் கொள்ளப்படும். தடுக்க வேண்டுமானால் 24 மணி நேரத்துக்குள் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொடுத்து, சபையின் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் ஆதரவு காட்ட வேண்டும். வராதவர், ஒதுங்கியவர் எல்லாம் அரசாங்கத்தின் கணக்கில்!

இடதுசாரிகளின் தீர்மானத்துக்கு வலதுசாரி ஓட்டுப் போடமாட்டான். லெ பென் அம்மையாரின் தீர்மானத்துக்கு இடதுசாரி கையை உயர்த்தமாட்டான். அம்மையார் கட்சியின் தீர்மானத்துக்குக் கடைசியில் விழுந்தது 94 ஓட்டுதான். யாருக்கும் எதிரியில்லாத ஒரு கையெழுத்து தேவைப்பட்டது. 20 பேர் குழுவின் சார்பில் கூர்சோன் தீர்மானத்தை முன்மொழிந்து பேசினார். நாட்டை ஒன்றுசேர்க்க முடியவில்லை, சபையை ஒப்புக்கொள்ளச் செய்யவும் முடியவில்லை, அதனால் ஓட்டெடுப்பையே தாண்டிக் குதித்துவிட்டீர்கள் என்று பிரதமரைப் பார்த்துச் சொன்னார். கடனைக் குறை, செலவைக் குறை என்று வாழ்நாளெல்லாம் சொன்ன மனிதர் இவர். செலவைக் குறைப்பதற்காகவே வந்ததாகச் சொல்லப்பட்ட சட்டத்தை எதிர்த்து நின்றார்! கணக்கு சரியாக வர வேண்டும் என்பதில் அவருக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதற்கான சுமை யார் தலையில் விழுகிறது, யாரைக் கேட்டு வைக்கிறாய் என்பதில்தான் சண்டை.

மார்ச் 20, திங்கட்கிழமை மாலை ஓட்டெடுப்பு. தேவை 287. விழுந்தது 278. ஒன்பது ஓட்டு குறைவு. வலதுசாரிக் குடியரசுக் கட்சியின் தலைமை, அரசாங்கத்தைக் கவிழ்க்காதே என்று கட்டளையிட்டும், அதன் 61 உறுப்பினர்களில் 19 பேர் மீறி வந்து ஆதரித்தார்கள். இன்னும் ஒன்பது பேர் வந்திருந்தால் அரசாங்கமும் போயிருக்கும், சட்டமும் போயிருக்கும்.

இங்கே ஒரு முள் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. அந்த 278-இல் லெ பென் கட்சியின் ஓட்டுகளும் உண்டு. முஸ்லிம் பெண்ணின் தலைத்துணியைத் தெருவிலேயே தடை செய்வேன் என்று பிரசாரம் செய்த கட்சியின் ஓட்டு. அந்த ஓட்டு சேர்ந்த தீர்மானத்தை நாம் மெச்சலாமா என்று ஒரு தம்பி கேட்கலாம். நியாயமான கேள்வி. கூர்சோனின் தீர்மானத்தில் அந்தக் கட்சிக்கென்று ஒரு வரி கிடையாது. ஓட்டுப் போட்டதற்கு விலையாக எதுவும் கொடுக்கப்படவும் இல்லை. ஆனாலும் எனக்கு மனம் முழுவதும் சமாதானமாகவில்லை. ஒரு சபையில் அரசாங்கம் ஓட்டெடுப்பை அடைத்தால், எதிர்ப்பு எல்லாம் ஒரே வாசல் வழியாகத்தான் வெளியே வரும். யார் தோளோடு தோள் உரச நேரும் என்பதை அப்போது தேர்ந்தெடுக்க முடிவதில்லை. அடைத்தவன் மேல்தான் முதல் குற்றம் என்பது என் கட்சி. ஒப்புக்கொள்ளாதவர்கள் வாதிடலாம்.

விடாக்கண்டர் கூர்சோன் அதோடு விடவில்லை. 64 வயதை ரத்து செய்யத் தன் குழுவின் சார்பில் தனி மசோதாவே வந்தது. ஜூன் 8-ஆம் தேதி விவாதம். இப்போது அரசாங்கத் தரப்பு வேறு பூட்டை எடுத்தது. அரசியல் சாசனத்தின் 40-ஆம் பிரிவு: அரசாங்கத்தின் செலவைக் கூட்டும் யோசனையை உறுப்பினர் கொண்டுவர முடியாது. சபைத் தலைவர் அம்மையார் அதைக் காட்டி, முக்கியமான திருத்தத்தை ஓட்டுக்கே விடவில்லை. கணக்குப்பிள்ளையைக் கணக்குப் புத்தகத்தாலேயே அடித்தார்கள்! வேறு வழியின்றி மசோதா வாபஸ் ஆனது.

அவ்லியா இல்லை

கூர்சோனை நான் அவ்லியா ஆக்கப் பார்க்கிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். 2007-இல் நடுவழிக் கட்சியின் தலைவர் பய்ரூ, சார்க்கோசியோடு சேரமாட்டேன் என்று தனியே நின்றார். அப்போது அவரை விட்டுவிட்டுச் சார்க்கோசி பக்கம் போன பெரும்பான்மை உறுப்பினர்களில் கூர்சோனும் ஒருவர். தொகுதிப் பாசம் என்று வந்துவிட்டால் கணக்குப்பிள்ளைக்கும் கண் கொஞ்சம் மங்கும். அவருடைய மாவட்டம் கோதுமையும் சர்க்கரைக் கிழங்கும் விளையும் பூமி. அந்தப் பயிர்களிலிருந்து எடுக்கும் எரிபொருளுக்குச் சலுகை கேட்டு அவரைப் போல் வாதாடியவர் குறைவு. மற்றவர் சலுகையை வெட்டச் சொல்லும் அதே வாய்! ஒரே நாற்காலியில் முப்பது ஆண்டுக்கு மேல் உட்காருவது சரியா, இளைஞனுக்கு எப்போது இடம் என்ற கேள்வியும் இருக்கிறது. அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. மாவட்டத்தில் வேறு யாரையும் அவர் வளர்த்துவிட்டதாகவும் தெரியவில்லை.

2024-இல் மக்ரோன் சபையைக் கலைத்தார். யாருக்கும் பெரும்பான்மை இல்லாத சபை வந்தது. அரசாங்கம் கொண்டுவரும் பட்ஜெட்டை ஆராயும் நிதிக் குழு, தன் பொது அறிக்கையாளர் பதவிக்குக் கூர்சோனைத் தேர்ந்தெடுத்தது. எழுபதைத் தாண்டியபின் வந்த பதவி. அதே டிசம்பரில் பார்னியே அரசாங்கம் பட்ஜெட்டோடு கவிழ்ந்தது. ஜனவரி ஒன்றாம் தேதி வந்தால் வரி வசூலிக்கவே அரசாங்கத்துக்கு அதிகாரம் இருக்காது என்ற நிலை. தற்காலிகமாக வரி வசூலையும் கடன் வாங்குவதையும் தொடர ஒரு தனிச் சட்டம் அவசரமாக வந்தது. சபையில் அதை எடுத்துவைக்கும் பொறுப்பு கூர்சோனுடையது. ஒருவரையொருவர் முகம் பார்க்காத அந்தச் சபையில், எதிர்த்து ஒரு ஓட்டும் விழாமல் அது நிறைவேறியது.

ஒன்பது ஓட்டில் தப்பிய போர்ன் அம்மையார் 2024 ஜனவரியில் பதவி விலகினார். அவருக்குப் பின் வந்தவர்களில் பார்னியே 2024 டிசம்பரிலும், பய்ரூ 2025 செப்டம்பரிலும் சபையில் தோற்று வெளியேறினார்கள். அடுத்து வந்த பிரதமர் லெகோர்னுவும் கவிழும் நிலைக்கு வந்தார். 2025 அக்டோபர் 14-ஆம் தேதி அவர் சபையில் எழுந்து, ஓய்வு வயதை உயர்த்தும் சட்டத்தை 2028 ஜனவரி வரை நிறுத்தி வைப்பதாக அறிவித்தார். டிசம்பரில் அது ஓட்டெடுப்பு நடத்தியே சட்டமானது.